அல்பம் இல்லாத வீட்டில் தொடங்குவது: வன்னிக் குடும்பங்களின் தலைமுறைகளைப் படமாக்க ஒரு வழிகாட்டி

குடும்ப வரலாற்றைப் படமாக்கச் சொல்லித்தரும் கையேடுகள் "வீட்டு அல்பத்தை எடுத்து வையுங்கள்" என்று தொடங்கும். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் அந்த முதல் வரியிலேயே வேலை நின்றுவிடும். 2008, 2009இல் இறுதிப் போரின்போது கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஊர் ஊராக ஓடிய சனம் பிள்ளைகளையும் அரிசியையும் தறப்பாளையும் தூக்கியது. அல்பங்கள் பல வீட்டோடும் பங்கரோடும் போயின. அதனால் இங்கே வேலையின் ஒழுங்கு வேறு. சிதறிக் கிடக்கும் பழைய படங்களைத் தேடிப் பிரதி எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் புதுப்படம். இரண்டையும் இணைப்பது படத்தின் கீழ் எழுதும் குறிப்பு. குறிப்பு இல்லாத படம் இன்னும் இருபது வருடத்தில் யாரோ ஒரு கிழவியின் படமாகிவிடும்.

எந்த இடப்பெயர்வைப் படமாக்குகிறீர்கள்?

வன்னியில் "எங்கடை ஊர்" என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு. 1930களில் தொடங்கிய இரணைமடுக் குடியேற்றங்களில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேரர்கள் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர் போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். 1977க்குப் பின் வந்தவர்களில் பலருக்குக் காந்தியம் அமைப்பு உதவியது. முள்ளியவளை, பனங்காமம் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களும் உண்டு. இந்த எல்லா வீடுகளிலிருந்தும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போனவர்களின் பிள்ளைகள் இப்போது விடுமுறைக்கு வருகிறார்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் யார், எங்கிருந்து, எந்த ஆண்டில், எங்கே போனார் என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் "1977க்குப் பின், மூத்தவன் பிறக்க முன்" என்று எழுதினால் போதும். இந்தத் தாள்தான் பழைய படம் எந்த வீட்டில் இருக்கக்கூடும் என்று காட்டப் போகிறது.

சிதறியவற்றைத் தேடுதல்

இங்கே அழிந்த படத்தின் இன்னொரு பிரதி பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும். கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிள்ளை பிறந்தது என்று கடிதத்தோடு வைத்து அனுப்பிய படங்கள் அவை. அங்கே இருப்பவரிடம் "பழைய படம் ஏதும் இருக்கோ?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றும் இல்லை" என்பார்கள். "1994இல் தங்கச்சியின் கலியாணப் படம் கடிதத்துக்குள் வந்ததே, அந்தக் கடிதக்கட்டு எங்கே?" என்று கேளுங்கள்.

மலையகப் பின்னணி உள்ள குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. ஒரே வீட்டில் அண்ணன் கப்பலேற, தம்பி வன்னிக்கு வந்த குடும்பங்கள் உண்டு. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் உறவினர் இருந்தால் அவர்களின் பாஸ்போர்ட்டையும் அதனோடு வைத்த காகிதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது இடம் ஆவணங்கள். தேசிய அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட், பாடசாலைக் குழுப்படம், கோயில் திருவிழாப் படம், மரண அறிவித்தல். பல முதியவர்களின் இளமை முகம் எஞ்சியிருப்பது ஒரு முத்திரை அளவு அடையாள அட்டைப் படத்தில் மட்டும்தான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் இருந்த தொடர் போராட்டத்தில் கையில் பிடித்திருந்த பெரிய படங்களில் பல அப்படிப்பட்ட சிறு படத்தைப் பெருப்பித்தவைதான். அந்தப் படத்தைத் தொடும்போது அதன் கனம் தெரிந்து தொடுங்கள். வாங்கி வெளியே கொண்டுபோக வேண்டாம். அவர்களின் திண்ணையிலேயே பிரதி எடுத்து, அவர்கள் கண் முன்னே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கைத்தொலைபேசியால் பிரதி எடுப்பது

நல்ல ஸ்கானர் கிடைத்தால் அதுவே சிறப்பு. தபாலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200, 35 மில்லிமீற்றர் நெகட்டிவுக்கு 2400 முதல் 3200 வரை வையுங்கள். கொமினிகேஷன் கடையில் சும்மா "ஸ்கான் பண்ணித் தாங்கோ" என்றால் பெரும்பாலும் குறைந்த டிபிஐயில் பிடிஎஃப் ஆகத்தான் வரும். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், ஜேபெக் அல்லது டிஃப் ஆக வாங்குங்கள், நிறம் திருத்தும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஸ்கானர் இல்லையென்றால் 12 மெகாபிக்சல் தொலைபேசி போதும். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் வருவதே 2100க்கு 3000 புள்ளிகள்தான். காலை ஒன்பது மணியளவில் நேர்வெயில் படாத திண்ணையைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் துணி விரித்துப் படத்தை வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் செங்கல் அல்லது புத்தகம் அடுக்கி, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டோ இரண்டு அடிமட்டமோ வைத்து, அதன்மேல் தொலைபேசியைப் படுக்க வையுங்கள். படத்தின் அளவுக்கேற்ப உயரத்தைக் கூட்டிக் குறையுங்கள். படத்தின் நான்கு ஓரமும் தெரிந்து, சுற்றிலும் ஒரு விரல் கறுப்பு விளிம்பு இருக்க வேண்டும். பிளாஷ் வேண்டாம். மூன்று செக்கன் ரைமரில் எடுங்கள், விரல் பட்டால் ஆடும்.

பளபளப்பான படத்தில் வெள்ளைப் படலம் போலத் தெரிவது பெரும்பாலும் எடுப்பவரின் வெள்ளைச் சட்டைதான். கறுப்புச் சட்டை போடுங்கள், அல்லது தொலைபேசிக்கு ஓட்டை விட்ட கறுப்புக் கடதாசியை இடையில் பிடியுங்கள். லமினேற் பண்ணிய படத்துக்கும் இதே முறைதான். லமினேற்றை வெட்டிப் பிரிக்க முயல வேண்டாம், படம் அதோடு உரிந்துவரும்.

ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோவின் ரப்பர் முத்திரை, நீல மையில் "அன்புள்ள அக்காவுக்கு" என்ற ஒரு வரி, கடதாசி நிறுவனத்தின் மங்கிய எழுத்து, எல்லாம் ஆண்டையும் இடத்தையும் சொல்பவை. வெள்ளைக் கரையும் நெளிந்த விளிம்பும் உள்ள கறுப்பு வெள்ளைப் படம் பெரும்பாலும் 1950, 60களுக்குரியது. மூலையில் செம்மஞ்சள் எண்ணில் திகதி இருந்தால் பெரும்பாலும் 80களின் பிற்பகுதிக்குப் பிந்தையது. ஆனால் அந்தத் திகதியை அப்படியே நம்ப வேண்டாம். கமராவின் மணிக்கூட்டைச் சரிசெய்யாமலே எடுத்த படங்கள் ஏராளம். 90களில் படங்களே குறைந்திருந்தால் வியக்க வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிகூட வன்னிக்குள் வர முடியாதிருந்தது.

வெளிநாட்டிலிருந்து படம் கேட்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்து, ஐம்பது படம் வந்த பிறகு மறுபடி கேட்டால் இரண்டாம் முறை அவை வருவதில்லை.

நனைந்தது, ஒட்டியது, பூஞ்சணம் பிடித்தது

கார்த்திகை, மார்கழி மழையில் வன்னிச் சுவர் வியர்க்கும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிய படத்தை இழுக்க வேண்டாம். படத்தின் மேற்படலம் ஜெலற்றின், அது கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள்.

பிளாஸ்ரிக் மூடியும் பசைத் தாளும் உள்ள அல்பத்தில் முதலில் பக்கத்தை முழுதாக எடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பதும் ஒரு செய்தி. பிறகு பல்லிடுக்கில் விடும் நூலைப் படத்துக்குக் கீழே மெல்ல அறுப்பதுபோல் ஓட்டினால் பல படங்கள் கழரும். கழரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வெள்ள நீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய ஸ்ரூடியோப் படங்களைக் குளிர்ந்த சுத்தமான நீரில் அரை மணி நேரம் மிதக்கவிட்டுப் பிரித்து, நிழலில் வலைத்துணியில் முகம் மேலே இருக்கக் காயவிடலாம். இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும், பிந்தினால் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுப் பிரின்ரரில் மையால் அச்சிட்ட படத்தை நீரில் போட வேண்டாம், மை கரையும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைப்பது பெரிய பிழை. பூஞ்சணம் தின்ற படலம் இளகியிருக்கும், துணியோடு முகமும் போய்விடும். நன்றாகக் காயவைத்து மென்மையான தூரிகையால் மட்டும் தட்டுங்கள்.

கமராவுக்கு முன் காது

புதுப்படம் எடுக்கப் போகும் முதல் நாளில் கமராவைப் பையிலேயே வைத்திருங்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்யுங்கள். தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, பேசுபவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் துணிமேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவின் தொடக்கத்திலேயே எதற்காக இந்தப் படம், யார் பார்ப்பார்கள், எங்கே போடுவீர்கள் என்று சொல்லி அவர் சம்மதத்தைப் பதியுங்கள். "பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன்" என்பதையும் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

"உங்கள் அடையாளம் என்ன?" என்று கேட்டால் எந்த அம்மம்மாவும் பதில் சொல்லமாட்டார். "வரேக்கை என்ன கொண்டு வந்தனீங்கள்?" என்று கேளுங்கள். மலையக வீட்டில் "பாட்டி, அப்ப என்னா எடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்று கேளுங்கள். கிணறு எந்தப் பக்கம், முதல் கொட்டில் எதனால் கட்டியது, முதல் வருடம் என்ன விதைத்தது. இந்தப் பதில்களில்தான் படம் இருக்கிறது.

மலையகத்திலிருந்து வந்ததைச் சொல்லி வன்னியில் இழிவுபடுத்தப்பட்ட குடும்பங்கள் உண்டு. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஊரார் முன்னிலையில் "எந்தத் தோட்டம்?" என்று தொடங்க வேண்டாம். குறிப்பில் தங்களை எப்படி எழுத வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.

பொருளை எடுப்பது

முகத்தைவிடப் பொருள் சில வேளை நன்றாகப் பேசும். நைலோன் நூலால் விளிம்பு கட்டிய சுளகு, யு.என்.எச்.சி.ஆர் (ஐ.நா. அகதிகள் நிறுவனம்) எழுத்து மங்கிய தறப்பாளை மடித்துத் தைத்த பை, காணிப் பெர்மிட், தோட்டத்திலிருந்து வந்த, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, பிடி மாற்றிய மண்வெட்டி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுங்கள்: தனியாக ஒன்று, அதை வழக்கமாகப் பிடிப்பவரின் கையில் ஒன்று. முதலாவதற்குச் சாய்ந்த காலை வெளிச்சம் பக்கத்திலிருந்து விழ வேண்டும். அப்போதுதான் பின்னலின் மேடு பள்ளமும் நூல் முடிச்சும் தெரியும். இரண்டாவதில் முகம் வேண்டியதில்லை. சுளகின் விளிம்பைப் பெருவிரல் எங்கே அழுத்துகிறது, அந்த இடத்தில் ஓலை எப்படி வழுவழுப்பாகியிருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

பெர்மிட், அடையாள அட்டை போன்றவற்றை வெளியிடும்போது இலக்கங்களை மறையுங்கள்.

ஆளை எடுப்பது

விலை கூடிய கமரா தேவையில்லை. இருந்தால் 35 அல்லது 50 மில்லிமீற்றர் லென்ஸ் போதும். தொலைபேசியானால் 0.5 (அகலக் கோண) லென்ஸைத் தொடாதீர்கள், ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுப் போவார். முகத்துக்கு 2 மடங்கு, குடும்பத்துக்கு 1.

முதலில் அழகூட்டும் வசதியை நிறுத்துங்கள். பல தொலைபேசிகளில் அது தானாகவே இயங்கி, சுருக்கத்தை வழித்துத் தோலை வெளுப்பாக்கிவிடும். இந்த வேலையில் அதைவிடக் கெட்டது எதுவும் இல்லை. பின்னணியை மங்கலாக்கும் வசதியும் வேண்டாம். சேலைக்கரையையும் நரைமயிரையும் சேர்த்துத் தின்றுவிடும். முற்றமும் வேலியும் மங்கிப்போனால் வன்னியில் எடுத்ததற்கு என்ன அடையாளம்?

காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, மாலை நாலரையிலிருந்து ஆறு வரை. பகல் வெயிலில் கண்குழி கறுக்கும். பகலில்தான் முடியும் என்றால் திண்ணைக்குள் இரண்டு அடி உள்ளே இருத்துங்கள். முற்றத்து மணலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் முகத்தைக் கீழிருந்து நிரப்பும். நீலத் தறப்பாளுக்குக் கீழ் எடுக்க வேண்டாம், முகத்தில் ஏறிய நீலத்தைப் பிறகு கழுவ முடியாது. அடர்ந்த மாமரத்தின் கீழும் முகம் பச்சையடிக்கும்.

கறுத்த தோலைக் கமரா பிழையாகக் கணிப்பதற்குக் காரணம் பின்னணி. வெள்ளைச் சுவருக்கு முன் நின்றால் சுவரைப் பார்த்துக் கமரா வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருளும். வெளிச்சத்தைச் சுமார் முக்கால் படி (ஸ்டொப்) கூட்டுங்கள். இருண்ட மரங்களுக்கு முன் நின்றால் எதிர்மாறு, முகம் வெளிறும், முக்கால் படி குறையுங்கள். தொலைபேசியில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுப்பதுதான் அது.

மூன்று தலைமுறையை ஒன்றாக எடுக்கும்போது முதியவரைக் கதிரையில் இருத்தி, கமராவை அவர் கண் உயரத்துக்குத் தாழ்த்துங்கள். நின்று எடுத்தால் அம்மம்மா சிறுத்து, பேரன் பெருத்துத் தெரிவான். ஆட்கள் இரண்டு வரிசையில் இருந்தால் கமராவின் துவார அளவை எஃப் 5.6க்கும் 8க்கும் இடையில் வையுங்கள், ஷட்டர் வேகம் ஒரு செக்கனின் 125இல் ஒரு பங்கைவிட மெதுவாகக் கூடாது. எல்லாரும் கமராவையே பார்த்த பத்துப் படம் எடுத்த பிறகு ஒரு பழைய படத்தையோ பொருளையோ முதியவர் கையில் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் தானாகக் குனிவார்கள். அந்த நிமிடத்துக்காகக் காத்திருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்குப் படத்துக்கென்று வேட்டி கட்டிவிட வேண்டாம். பிள்ளையே விரும்பிக் கட்டினால் வேறு. வந்த காற்சட்டையோடும் சப்பாத்தோடும் நிற்கட்டும். சுளகைப் பிடிக்கத் தெரியாமல் தட்டுப்போல் ஏந்தும் கை, அம்மம்மாவின் கைக்குப் பக்கத்தில் வந்தால், இரண்டு தலைமுறைக்கு இடையிலான தூரம் முழுவதும் அந்த ஒரு படத்தில் இருக்கும்.

இரண்டு நாடு, ஒரு சோடிப் படம்

வரமுடியாத பேத்தியை அவர் இருக்கும் இடத்திலேயே எடுத்து, இங்கே இருக்கும் அப்பம்மாவின் படத்தோடு பக்கத்தில் வைக்கலாம். சோடி பொருந்த மூன்று விடயம் ஒன்றாக இருக்க வேண்டும்: தூரம் 2 மீற்றர், கமரா கண் உயரம், வெளிச்சம் இடப் பக்கத்திலிருந்து. வெண்மைச் சமநிலையை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் கமரா அமைப்பை) தானாக மாறவிடாமல் 5200 கெல்வினில் நிறுத்துங்கள். அப்போதுதான் அங்கத்தைய சாம்பல் வானமும் இங்கத்தைய செம்மண்ணும் அவற்றின் நிறத்திலேயே வரும்.

வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் எடுக்க விரும்பினால் மணிக்கூட்டைப் பாருங்கள். வன்னியில் மாலை 5 மணி என்றால் லண்டனில் குளிர்காலத்தில் முற்பகல் 11.30, பாரிசில் பிற்பகல் 12.30. இரண்டும் வசதி. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் அது காலை 6.30, இன்னும் இருட்டு. அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் வையுங்கள், 7.30 ஆகிவிடும், ஜூன் ஜூலையில் நல்ல வெளிச்சமும் இருக்கும். சிட்னி உறவுகளுக்கு வன்னியின் காலை 7 மணி பொருந்தும்.

இடத்துக்குத் திரும்பிப் போவது

பழைய படத்தின் இடத்திலேயே நின்று மறுபடி எடுப்பதென்றால் அந்தப் படத்தை அச்சிட்டுக் கையில் கொண்டு போங்கள். மரங்களை நம்ப வேண்டாம். கிணற்றுக் கட்டு, குளக்கட்டின் வளைவு, கோயில் தூபி போன்ற அசையாதவற்றில் இரண்டைத் தேர்ந்து, படத்தில் அவை ஒன்றையொன்று எங்கே மறைக்கின்றனவோ அதே கோணம் வரும்வரை முன்னும் பின்னும் நடவுங்கள். நடப்பது திறந்த பாதையில் மட்டும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ அடையாளக் கட்டைகளோ உள்ள காணிக்குள் ஒரு அடியும் வைக்கக் கூடாது. படைமுகாம், சோதனைச் சாவடி பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். வற்றாப்பளை வைகாசிப் பொங்கல் போன்ற திருவிழாக்களில் கோயில் உள்வீதியில் எடுக்க முதல் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

குறிப்பு எழுதுவது

கோப்புக்கு வெறும் எண் மட்டும் வையுங்கள், 0001, 0002 என்று. விவரத்தை ஒரு அட்டவணையில் எழுதுங்கள்: இடமிருந்து வலம் யார், உறவுமுறை, ஊர், ஆண்டு, எடுத்தவர், மூலப்படம் யாரிடம், யார் யாருக்குக் காட்டலாம். யூனிகோட்டில்தான் எழுத வேண்டும். பாமினி எழுத்துருவில் எழுதிய குறிப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும்.

உறவுமுறையை அந்த வீட்டுச் சொல்லிலேயே எழுதுங்கள். அப்பம்மா, அப்பாயி, பெத்தாச்சி எல்லாவற்றையும் "பாட்டி" என்று ஒன்றாக்கினால் குடும்பம் நடந்துவந்த பாதையே அழிந்துவிடும். ஊர்ப் பெயரும் அப்படித்தான், முதியவர் சொல்லும் பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய படத்தில் சீருடையோடோ சின்னத்தோடோ யாராவது இருந்தால் அது குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். இணையத்தில் போடும் எந்தப் படத்திலும் இடக்குறி பதிவதை நிறுத்திவிட்டுப் போடுங்கள்.

மூன்று பிரதி வைத்திருங்கள்: வீட்டில் ஒரு ஹாட் டிஸ்க், வேறு நாட்டில் உள்ள உறவினரிடம் இன்னொன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. பென்டிரைவ் கொண்டுபோக மட்டும்தான், வைத்திருக்க அல்ல. குடும்பம் சம்மதித்தால், இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் நூலக நிறுவனத்தின் (Noolaham Foundation) ஆவணகத்துக்கும் கொடுக்கலாம்.

அச்சிட்டுக் கொடுப்பது

தொலைபேசியில் காட்டிவிட்டுப் போவது போதாது. எட்டுக்குப் பத்து அங்குலத்தில், பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். லமினேற் வேண்டாம். சட்டம் போடும் கடையில் படத்தைச் சுற்றி மட்டை வைத்துக் கண்ணாடி படத்தில் தொடாமல் போடச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் ஒட்டாது. அடுப்படிப் புகை வரும் சுவரையும் மாலை வெயில் படும் சுவரையும் தவிருங்கள். சட்டத்துக்குள் போக முதல் படத்தைக் கவிழ்த்து, 2பி பென்சிலால் அழுத்தாமல் பெயர்களை எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பெயர்களை அம்மம்மா சொல்லச் சொல்ல பேரப்பிள்ளை எழுதட்டும். எழுத்துப் பிழைத்தாலும் திருத்த வேண்டாம்.